மாமனார் படம் போட்ட பொத்தான்

“விசாலி” என்றது கருவி.

அறையின் மறுகோடியில் இருந்த சுகுமாறன் காப்பிக் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தார். மனைவி நிர்மலாதேவியின் இடது கை விரல் திரையில் நகர்ந்து, முறுக்கு மீசை வைத்த ஒரு பெரியவர் படத்தை அமுக்கியது.

“அப்பா.”

அடுத்து, கையசைத்து அழைக்கும் பொம்மை.

“வா.”

மூன்று படம். நேற்றுவரை இரண்டைத் தாண்டாதவள் இன்று மூன்றைக் கோத்துவிட்டாள். சுகுமாறனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து நிர்மலாவின் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, வாயில்தான் சொல் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சாந்தினி இந்தக் கருவியைக் கொண்டுவந்து வைத்து, “ஒரு படத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க அங்கிள். அவங்க சேர்த்து அமுக்குறத நீங்களும் சேர்த்துப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நேற்று நிர்மலா மழை, துணி என்று இரண்டை அமுக்கினாள். சுகுமாறன் கொல்லைக்கு ஓடிக் கொடியில் கிடந்ததையெல்லாம் அள்ளினார். உள்ளே நுழைவதற்குள் மழை கொட்டியது. அந்தக் கதையை ரெங்கம் ஊர்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

குடும்பப் படங்களை ஏற்றியது அவர்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் விசாலிக்கு ஒரு பொத்தான். ‘அப்பா’ என்பதற்கு, பன்னிரண்டு வருடத்துக்கு முன் காலமான மாமனாரின் படம். நிர்மலாவின் கருவி, ஆகவே நிர்மலாவின் அப்பா. இதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தனக்கென்று கோட்டுப் போட்ட கல்யாணப் படத்தை வைத்து, ‘சுகுமாறன்’ என்று பேசவும் வைத்திருந்தார்.

அந்தப் பொத்தானை மட்டும் அவள் இன்றுவரை தொடவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். தலையில் முடி அதிகமாக இருந்த காலத்துப் படத்துக்கு மாற்றினார். ம்ஹூம். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் தன்னை மறந்துவிட்டாளோ என்ற பயம் வெளியே சொல்ல முடியாமல் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அதைப் பிறகு பார்க்கலாம். இப்போது மகளைக் கேட்கிறாள். உடனே கைப்பேசியில் விசாலியைப் பிடித்துத் திரையில் காட்டினார்.

“அம்மா, என்னம்மா வேணும்?”

நிர்மலா மகளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கைப்பேசியை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடியும் அதே மூன்றையும் அமுக்கினாள்.

“அப்போ அவளுக்கு அப்பா ஞாபகம் வந்துருச்சு” என்று சுகுமாறன் தீர்ப்புச் சொன்னார். சாமி அறைக்குப் போய் மாலையோடு மாமனாரின் சட்டம் போட்ட படத்தைக் கழற்றி வந்து அவள் முன்னால் நிறுத்தினார். நிர்மலா அப்பாவை ஒருமுறை கும்பிட்டாள். கும்பிட்டு, படத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். விரல் இன்னும் பலமாகத் திரையைக் குத்தியது.

சுகுமாறன் சாந்தினியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பாலோ ஊரிலிருந்த மச்சான் சோமுவுக்குப் போன் செய்தார். தவறான ஆளுக்குத் தவறான நேரத்தில் போன் செய்வதில் அவர் கெட்டிக்காரர்.

சோமு வந்து, தங்கையின் எதிரே உட்கார்ந்து, மூன்று படங்களையும் கேட்டார். முகம் இருண்டது.

“மாப்ள, கொஞ்சம் வெளிய வாங்க.”

இருவரும் வாசல் பக்கம் போனார்கள்.

“உங்களுக்கு இன்னுமா புரியல? அப்பா வந்து நிக்கிறாரு. வான்னு கூப்பிடுறாரு. போறதுக்கு முன்னால மகளப் பாக்கணும்னு தங்கச்சி கேக்குது.”

“அலாமாக், என்ன மச்சான் சொல்றீங்க? காலையில ரெண்டு தோசை சாப்பிட்டா லா.”

“எங்கப்பாவும் அன்னிக்கு நாலு இட்லி சாப்பிட்டாரு.”

சுகுமாறன் வாசலில் நின்றபடியே விசாலிக்குப் போன் செய்தார். “எல்லாத்தயும் போட்டுட்டுக் கிளம்பு. ஜோகூர் பாருவுல ஒரு வாடகைக் காடி புடிச்சு நேரா வந்துரு.”

உள்ளே கருவி விடாமல் கூவியது. அவர் உள்ளே போனால் அது நிற்கும். கலங்கிய கண்ணை மறைக்க அவர் வெளியே வந்தால் மறுபடியும் ஆரம்பிக்கும்.

“கேக்கவே முடியல, சத்தத்தக் கொறைங்க” என்று சோமு தானே ஒரு பொத்தானை அழுத்தினார். அது கூட்டுகிற பொத்தான். தெருக்கோடி வரை மாமனாரின் வருகை அறிவிக்கப்பட்டது. பக்கத்து வீட்டார் வந்தார்கள். எதிர்வீட்டார் வந்தார்கள். விஷயத்தை அறிந்து ஒவ்வொருவரும் நிர்மலாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் மூக்கையும் உறிஞ்சினார்.

சோமு மெதுவாகச் சுகுமாறன் காதருகே வந்தார். “மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. வர்றவங்க உக்கார கோயில்ல நாக்காலி எத்தனை கெடக்குதுன்னு கேட்டு வைக்கட்டுமா?”

சுகுமாறன் வெளியே ஓடினார். பின்னாலேயே கருவியும் கத்தியது.

இரண்டு மணிக்குக் காடி வந்து நின்றது. விசாலி இறங்கி ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நிர்மலா அவள் முதுகை அவசரமாகத் தட்டிக்கொடுத்தாள். அப்படியே மகளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கருவியைத் தேடினாள்.

“விசாலி.” “அப்பா.” “வா.”

“அப்பா, நான்தான் வந்துட்டேன்ல, இன்னும் யாரக் கூப்பிடுறாங்க?” என்று விசாலி கத்தினாள். சோமு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

சுகுமாறன் வாசல் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தார். காடியோட்டி ஐயாசாமி பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவரைப் பார்த்தார்.

“என்னாச்சுண்ணே?”

முன்பின் தெரியாத ஆளிடம்தான் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது.

“மகளக் கூப்பிடுறா. செத்துப்போன மாமனாரக் கூப்பிடுறா. கடைசி நேரத்துலகூட எம்பேர ஒரு தடவ அமுக்க மாட்டேங்குறா தம்பி. முப்பத்திரண்டு வருஷத்த மறந்துட்டா.”

உள்ளிருந்து கருவி மறுபடியும் மூன்று வார்த்தையையும் சொன்னது. ஐயாசாமி காது கொடுத்துக் கேட்டார். பையை வாசற்படியில் வைத்தார்.

“எங்க வீட்டுலயும் எம்பேரச் சொல்ல மாட்டாங்கண்ணே, மகன் பேர வச்சு ‘திவாகரன் அப்பா, வாங்க’ன்னுதான் கூப்பிடுவாங்க, உள்ள போங்க, அண்ணி உங்கள எவ்வளவு நேரமாக் கூப்பிடுறாங்க.”