தோட்டாவுக்கு வரிசையில் நின்ற பாடகர் குழு

பணக்கார நாட்டில் ஒரு சாமான் தட்டுப்பாடு என்று கேட்கும்போது வருகிற கோபம் தனி ரகம். ஏழை நாட்டில் இல்லை என்றால் இல்லைதான். யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை, நாமும் எதிர்பார்ப்பதில்லை. ஒஸ்லோவில் அப்படியில்லை. கடைக்காரர் முதலில் உங்களைப் பார்த்து இனிமையாகச் சிரிப்பார். பிறகு கணினியைத் தட்டிப் பார்ப்பார். பிறகு "துரதிர்ஷ்டவசமாக" என்று தொடங்குவார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்கு இரத்த அழுத்தம் ஏறிய வருடம் ஒன்று உண்டு. (மாத்திரை இன்றைக்கும் தொடர்கிறது.)

இல்லாமல் போன சாமான் தோட்டா. பயப்பட வேண்டாம், நான் எல்க் வேட்டைக்காரன். சரியாகச் சொன்னால், எல்க் வேட்டைக்காரன் ஆகத் துடித்தவன். எல்க் என்பது குதிரையை விட உயரமான, மூஞ்சி நீண்ட மான். நான் வேலை செய்யும் பஸ் திருத்தும் பட்டறையில் இலையுதிர் காலம் வந்தால் பாதிப் பேரைக் காணக் கிடைக்காது. எல்லாரும் காட்டில் இருப்பார்கள். திரும்பி வரும்போது தாடியும் இறைச்சியும் கதைகளுமாக வருவார்கள். நான் மட்டும் பிரேக் கட்டையைக் கழற்றிக்கொண்டு அந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த வேட்டைக் குழுக்களில் இடம் கிடைப்பது பரம்பரைக் காணி கிடைப்பது போல. யாராவது செத்தால்தான் இடம் வரும். எனக்கு ஒருவருடைய முழங்கால் போனதால் வந்தது. குழுத் தலைவர் ஆர்னே, பட்டறையில் எனக்குப் பக்கத்து மேடைக்காரர், ஒரு நாள் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "அன்ரன், உனக்கு விருப்பமா?" என்றார். பல வருடம் ஏங்கிய ஏக்கத்துக்கு அந்த மனிதர் செலவழித்தது அவ்வளவுதான். ஒரேயொரு நிபந்தனை. வேட்டை தொடங்கும் முன் அந்த வருடத்துச் சூட்டுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். முப்பது பயிற்சி வெடி, அதன் பிறகு எல்க் உருவம் வரைந்த பலகையில் ஐந்து வெடி. தவறினால் இடம் ஆர்னேயின் மருமகனுக்கு. அந்த மருமகனை நான் கண்டதில்லை, ஆனாலும் அன்றிலிருந்து அவனை எனக்குப் பிடிக்காது.

என் மனைவி பிலோமினா உடனே நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட் பகுதி முழுவதும் செய்தி சொல்லிவிட்டாள். கோயிலில் அவள் பாடுகிற தமிழ்ப் பாடகர் குழுவில் ஆளுக்கு எத்தனை கிலோ எல்க் இறைச்சி என்பது வரை பங்கு பிரித்தாகிவிட்டது. சுட வேண்டிய துப்பாக்கிக்குத்தான் தோட்டா இல்லை.

உலகத்தில் எங்கோ சண்டை, தோட்டாவெல்லாம் அங்கே போகிறது என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாருங்கள். ஒரு யுத்தத்திலிருந்து தப்பி ஓடி வந்து, மொழி படித்து, வரி கட்டி, காட்டுக்குள் போகிற வயதில், இன்னொரு யுத்தம் வந்து என் மானை மறிக்கிறது. இதை எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவது?

"கடைத் தோட்டாவை நம்பாதே, வீட்டிலேயே செய்துகொள்" என்றார்கள் பட்டறையில். (இந்தக் கட்டுரையில் நோர்வேகாரர் எல்லாரும் நல்ல தமிழ் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.) இங்கே அது சட்டப்படி சரியான வேலை, எத்தனையோ வேட்டைக்காரர்கள் செய்கிறார்கள். நானும் அதற்கான பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, சாமான் அறையில் குத்தரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பொருத்தினேன். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள் சேர்த்தேன். ஈயக் குண்டு கிடைத்தது. வெடிமருந்துகூட ஒரு டப்பா கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்று, கோதின் அடியில் பதித்து மருந்தைப் பற்றவைக்கிற எரிமூடி. பருப்பளவு சாமான். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பித்தளை அலங்காரம்.

"இவ்வளவு சாமானும் வாங்கிப்போட்டு, ஒரு மூடி இல்லையெண்டு குந்திக்கொண்டு இருக்கிறியள்" என்றாள் பிலோ. "அதென்ன, முப்பது வெடி சும்மா சுடுறதோ? அந்த முப்பதையும் காட்டுக்குள்ள சுட்டா ஒரு மானெண்டாலும் விழாதோ?"

பரீட்சைக்குக் கடைசி நாள் சனிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய் மாலை, ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனில் பெரிய கடைத்தொகுதிக்கு அருகே இருக்கும் வேட்டைக் கடையொன்று இணையத்தில் அறிவித்தது: எரிமூடி வருகிறது, வியாழன் காலை பத்து மணி, ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பெட்டி. நான் வாயை மூடிக்கொண்டு தனியாகப் போய் ஒரு பெட்டி வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஒரு பெட்டி எனக்குத் தாராளம். ஆனால் சந்தோசத்தில் அறிவிப்பைப் பிலோவிடம் காட்டினேன்.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். முகம் மாறியது. பிலோ பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். மண்ணெண்ணெய், சவர்க்காரம், மெழுகுதிரி எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றவள். "ஆளுக்கு ஒண்டு" என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்குள் ஒரு படைத்தளபதி எழும்பிவிடுவார்.

"இண்டைக்கு ஒரு பெட்டி காணும். வாற வருசம் என்ன செய்வியள்?" என்றாள்.

"வாற வருசம் எல்லாம் வரும் பிலோ."

"இப்பிடித்தான் அப்பவும் சொன்னவை" என்று கையில் தொலைபேசியை எடுத்தாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு, மூடிய வேட்டைக் கடையின் வாசலில், தூறல் மழையில், பாடகர் குழுவின் பெண்கள் ஏழு பேரும் பிலோவும் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் ஒத்திகைக்குப் போகிற பைகளோடு வந்திருந்தார்கள். பிளாஸ்க்கில் தேத்தண்ணி, டப்பாவில் ஆட்டிறைச்சி ரோல்ஸ். வேறு ஒரு குருவி கிடையாது. நோர்வே வேட்டைக்காரன் பத்து மணிக் கடைக்குப் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வருவான். நான் எங்கே நிற்பது என்று கேட்டேன். "நீங்கள் கடைசியில நில்லுங்கோ, பெண்டுகளுக்கு முன்னால ஆம்பிளை நிண்டா வடிவில்லை" என்றாள். யாருடைய துப்பாக்கி, யாருடைய மான், நான் கடைசி.

ஒரு மணி நேரம் சமாதானமாகப் போயிற்று. அப்போது பக்கத்துக் கடைத்தொகுதியின் பேக்கரி திறந்துவிட்டது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். மழையில் நின்ற பெண்களுக்குக் கழிப்பறையும் தேவைப்பட்டது.

"அப்ப வரிசை?" என்றேன்.

பிலோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பையை வைச்சிட்டுப் போறதுதானே."

வாசகர்களில் எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. வரிசையில் கல் வைப்போம், மண்ணெண்ணெய்க் கான் வைப்போம், பை வைப்போம். பை இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் தொடமாட்டார்கள். எட்டுப் பைகளும் சுவரோரம் ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளி விட்டு, அழகாக உட்கார்ந்தன. பெண்கள் போனார்கள். காவலுக்கு நான் மட்டும். அந்த நேரத்தில்தான் என் வாகனத்தின் பார்க்கிங் நேரம் முடியப்போவது ஞாபகம் வந்தது. தண்டம் வரும். ஐந்து நிமிட வேலைதானே என்று நானும் போனேன்.

வேறு இடம் பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. கார் இயந்திரத்தை நிறுத்தும்போது மகள் பாடசாலையிலிருந்து அழைத்தாள். மகள் இங்கே பிறந்தவள். எங்களால் வெட்கப்படுவதே அவளுக்கு முழுநேர வேலை.

"அப்பா, நீங்கள் ஸ்ட்ரோம்மனிலயோ?"

"ஓம். ஏன்?"

"அம்மான்ரை பச்சைப் பை ஸ்னாப்சாட்டில போகுது. சுத்தி பொலிஸ் நாடா கட்டியிருக்கு. அப்பா, இது சோ ஃப்ளௌட்." (ஃப்ளௌட் என்றால் மானக்கேடு. எங்கள் வீட்டில் தினம் ஒலிக்கும் நோர்வேஜியச் சொல் அதுதான்.)

ஓடினேன். தோட்டா விற்கும் கடை வாசலில், ஆள் இல்லாமல், அளந்து வைத்தாற்போல வரிசையாகப் பைகள். வாசலைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா. காவலாளிகள், இரண்டு பொலிஸார், ஒரு நாய். நாடாவுக்கு இந்தப் பக்கம் இருபது வேட்டைக்காரர் கைகட்டி நின்றார்கள். அதிலும் ஒரு வேடிக்கை, எட்டாக இருந்த பை ஒன்பதாகியிருந்தது. சென்னைத் தம்பி ஒருவர் நாடாவுக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு ஆளுங்க பை போட்டிருந்தாங்க சார். ஏதோ ஆஃபர்னு நானும் போட்டேன். உள்ள லேப்டாப் இருக்கு, பார்த்து."

நாய் ஒவ்வொரு பையாக மோந்துகொண்டு போய், பச்சைப் பையின் முன்னால் உட்கார்ந்தது. எழும்ப மறுத்தது. பொலிஸார் இரண்டடி பின்வாங்கினார்கள். கூட்டமே பின்வாங்கியது. அப்போது பேக்கரிப் பக்கமிருந்து பிலோ வந்தாள், கையில் கோப்பியோடு, நாடாவைக் குனிந்து கடந்து.

"அது என்ரை பை" என்றாள் நோர்வேஜியத்தில்.

"உள்ளே என்ன இருக்கிறது?" என்றார் பொலிஸ்காரர்.

"ரோல்ஸ். ஆட்டிறைச்சி. உங்கட நாய்க்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியேல்லை."

"ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?"

"விட்டிட்டுப் போகேல்லை. இது வரிசை. பை இருக்கெண்டா ஆள் இருக்கு."

"ஆள் எங்கே இருந்தது?"

"ஆள் வரும்" என்றாள் பிலோ. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதருக்கு எப்படிச் சொல்வது என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்ததால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த எல்லாரிலும் ஒருவர் ஆர்னே.

"உன் ஆட்களா?" என்றார் ஆர்னே.

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

"பொலிஸைக் கூப்பிட்டது நான்தான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிரேக் கட்டையின் கனத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

ஒன்பது பையையும் திறந்து பார்த்து, ரோல்ஸ், பாட்டுக் கொப்பிகள், குடைகள், ஒரு லேப்டாப் என்று உறுதிப்படுத்த நண்பகலாகிவிட்டது. கடை திறந்ததும், எங்கள் பைதான் முதல் என்று பிலோ நியாயம் கேட்டு, அதை வென்றும் விட்டாள். நோர்வேகாரருக்கு வரிசை ஒழுங்கு என்றால் மறுக்க முடியாது. பெருமையோடு மேசைக்குப் போனாள்.

"துப்பாக்கி அனுமதி அட்டை?" என்று கேட்டார் கடைக்காரர் சிரித்துக்கொண்டே.

இந்த இடத்தில் குற்றம் என்னுடையது என்று எல்லாரும் சொல்கிறார்கள். தோட்டாவுக்குத்தானே அட்டை, பருப்பளவு மூடிக்கு எதற்கு என்று நான் நினைத்துவிட்டேன். அறிவிப்பில் அது சின்ன எழுத்தில் இருந்ததாம். சின்ன எழுத்தில் போடுகிறவனை யாரும் கேட்பதில்லை.

"அட்டை இவரிட்டை இருக்கு. நான் இவரின்ரை மனுசி" என்றாள் பிலோ.

"துரதிர்ஷ்டவசமாக" என்று தொடங்கினார் கடைக்காரர். எட்டுப் பெண்களுக்கும் எட்டுத் தரம் அதையே சொன்னார். வாசலில் நின்ற வேட்டைக்காரர்களுக்குக் காலைப்பொழுதே வீணாகிவிட்டதால், யாரும் எனக்காக இடம் விடும் மனநிலையில் இல்லை. பை வைக்காத ஒரே தமிழன் நான், ஆகவே கடைசி. எனக்கு முன்னால் நின்றவர் ஆர்னே. கடைசிப் பெட்டி அவருக்கு.

வெளியே வந்ததும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "உங்கள் வீட்டில் செய்த தோட்டா கொஞ்சம் இருந்தால்..."

"வீட்டில் செய்தது அவரவர் துப்பாக்கிக்குத்தான், அன்ரன். இன்னொன்றில் போடக்கூடாது" என்றார். அது உண்மையான விதி. அதனால் கோபம் இரட்டிப்பாயிற்று. சனிக்கிழமை பரீட்சை நடந்தது. நான் போகவில்லை. அந்த வருடம் மருமகன் காட்டுக்குப் போனான்.

நான் மனம் உடைந்து கிடந்தேன். பிலோவுக்கு மனம் உடையவில்லை, எரிந்தது. "மனுசி எண்டா காணாதாம். அட்டை வேணுமாம்" என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு நிற்காமல் வேட்டைக்காரர் வகுப்பில் சேர்ந்தாள். படித்தாள், சித்தியடைந்தாள். சொந்தமாக ஒரு பழைய துப்பாக்கி வாங்கினாள். அட்டை வந்த நாளில் அந்த ஸ்ட்ரோம்மன் கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல், அட்டையை மட்டும் காட்டிவிட்டு வந்தாள். அடுத்த கோடையில் ஐந்து வெடியும் பலகை எல்க்கின் நெஞ்சில். அந்தத் தோட்டாக்களைச் செய்து கொடுத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? ஆர்னேதான். அவளுடைய துப்பாக்கியையே தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, அதற்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தார். எனக்கு ஒன்று தர விதி இடம் கொடுக்கவில்லை.

அந்த வருடம் மருமகன் பேர்கன் நகரத்துக்கு மாற்றலாகிப் போனான். இடம் மறுபடி காலி. நான் பட்டறையில் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றேன். ஆர்னே கோப்பியைக் குடித்து முடித்தார்.

"இடத்தை உன் மனைவிக்குக் கொடுக்கிறோம்" என்றார்.

"ஏன்?" என்றேன். பொறுமையாக விளக்கினார்.

"எல்க் வேட்டையில் சுடுவது ஒரு நிமிட வேலை. மிச்சமெல்லாம் காத்திருப்பது. மழையில், ஒரே இடத்தில், மணிக்கணக்காக. அன்று உன் மனைவி கடைசிவரை தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நீ கார் மாற்றி விடப் போய்விட்டாய்."

இப்போது ஒவ்வொரு இலையுதிர் காலமும் பிலோ ஒரு வாரம் காட்டில் இருக்கிறாள். நான் வீட்டில் இறைச்சி வெட்டுகிறேன், பொதி கட்டுகிறேன், பாடகர் குழுவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கொடுக்கும் வீடுகளில் யாராவது, "அன்ரன் அண்ணை, நீங்கள் வேட்டைக்குப் போறேல்லையோ?" என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறக்குமுன் மகள் பதில் சொல்லிவிடுகிறாள். "அப்பா கார் மாத்தி விடப் போயிட்டார்." உடனே வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லுகிறேன்: அன்றைக்கு ஸ்ட்ரோம்மனில் சட்டத்தை மதித்து நடந்த ஒரே தமிழன் நான்தான்.