ஆறு வாட் போதும் என்று நான் முடிவு செய்த கதை

அன்புள்ள தம்பிக்கு,

சாதாரண வேலைக்கு, மின்சாரம் அதிகம் இழுக்காத மேசைக் கணினி வாங்க எந்த ப்ராசஸர் நல்லது? நீ கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இரண்டு மாதமாக நான் வேறெதையும் படிக்கவில்லை என்பதையும் சேர்த்து இந்தப் பதிலை எடைபோட்டுக்கொள். மற்றபடி இங்கே அனைவரும் நலம். நீங்களும் நலம் என்று, மாறாகத் தகவல் எதுவும் வராததால், எடுத்துக்கொள்கிறேன்.

என் மாமனார் தினமும் மாலையில், தன்னோடு வேலை பார்த்த நண்பருடன் கணினியில் செஸ் ஆடுவார் என்பது உனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளைப் பொறுத்துக்கொள்கிறார். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும், பழைய கணினி அதைச் சட்டென்று குடித்து முடித்து, ஆட்டத்தின் நடுவில் செத்துப்போகும். ஒருநாள் நிஜமாகவே செத்தது. "போன்ல ஆடுங்க மாமா" என்றேன். "குதிரையும் கொசுவும் ஒண்ணாத் தெரியுதும்மா" என்றார். நண்பரோ தினமும் கூப்பிட்டு, "தோத்துடுவோம்னு நீங்களே உடைச்சிட்டீங்களா?" என்று விசாரிக்கிறார். புள்ளியியல் படித்தவள் அவசரப்படுவாளா? அறுபத்தைந்து வாட், முப்பத்தைந்து வாட், பதினைந்து வாட் என்று ஒப்பிட்டேன், ஒப்பிட்டவர்களையும் ஒப்பிட்டேன், முடிவெடுக்கும் நேரத்தில் புதிதாக ஒன்று வெளிவரும், மறுபடி முதலிலிருந்து. "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சியா?" என்று உன் அத்தான் கேட்டார். விசாரித்திருந்தால், என்று மட்டும் சொன்னேன். கடைக்காரரிடம் போனால் அவர், "செஸ்ஸா மேடம்? அப்ப பெருசா எடுங்க, நிறைய யோசிக்கணுமே" என்கிறார். "யோசிக்கப் போறது மாமா. கம்ப்யூட்டர் சும்மா இருந்தாப் போதும்" என்றேன். இதற்குள் மாமா யாருடனும் பேசுவதைக் குறைத்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை இரண்டு கட்டம் முன்னால் நகர்த்திவிட்டு என்னைப் பார்க்கிறார். அதற்குமேல் ஆராய்ச்சி செய்ய மனசு வரவில்லை.

ஆறு வாட் ப்ராசஸர், உள்ளே விசிறிகூடக் கிடையாது, புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி. இன்று வந்தது, நானே பொருத்தினேன், துளிச் சத்தம் இல்லை. நாளை மாலை ஆட்டம். தெரியாது என்று ஆரம்பித்தவள் தெரியும் என்றே முடிக்கிறேன்: யோசிக்காமல் இதையே வாங்கு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மூத்தவள் என்ற முறையில் உன்னை ஆசீர்வதிக்க வேண்டும், ஆசீர்வதித்தேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றே அனுப்பியிருக்கலாம். இன்று மாலை மாமா கணினியைப் போட்டார், பெட்டியில் காதை வைத்தார், "ஓடலையே" என்று மறுபடி பொத்தானை அழுத்தினார். அணைந்தது. இப்படியே நாலைந்து முறை. "ஓடுது மாமா, விசிறி இல்லாததால சத்தம் வரல. அதான் இதோட சிறப்பே" என்றேன். "ரெண்டு மாசம் தேடி, விசிறி இல்லாததையா வாங்கின?" என்றார். போனில் நண்பர், "என்ன சார், இன்னிக்கும் சாக்கா?" என்றார். மாமா எழுந்துபோய் மேசை விசிறியைத் தூக்கிவந்து, பெட்டிக்குப் பின்னால் வைத்து, யுபிஎஸ்ஸில் செருகி, முழு வேகத்தில் ஓடவிட்டார். "இப்பத்தான் ஓடுது." அந்த விசிறி ஐம்பது வாட். நடுவில் கரண்ட் போய், யுபிஎஸ் கத்தி அடங்குவதற்குள் மாமா ஜெயித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். கரண்ட் வந்தது, கரண்ட் வந்தால் தானே எழும்படி கணினியை நான் அமைத்திருந்ததால் இரண்டும் திரும்ப ஓடத் தொடங்கின. மாமா விசிறியை மட்டும் அணைத்துவிட்டு, கணினியை அணைத்தாயிற்று என்ற திருப்தியில் சாப்பிட வந்தார்.