இரண்டு மணிகளும் ஒரு தோள்பட்டையும்

கோயில்பிள்ளையின் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டதற்கு ஆயர்தான் காரணம். சாயங்காலப் பூசைக்கு ஆயர் வருகிறார் என்று மத்தியானம் போன் வந்ததிலிருந்து, மணியடிப்பது முதல் கோயில் வேலையெல்லாம் பார்க்கும் இந்த மனிதர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பீடத்தின் கனத்த பித்தளை மெழுகுதிரித் தண்டுகளையெல்லாம் துலக்குவதற்காக ஒற்றை ஆளாய்த் தூக்கி இறக்கினார். கடைசித் தண்டில் தோள் சுளீரென்றது. அதன் பிறகு அந்தக் கை இடுப்புக்கு மேலே வர மறுத்துவிட்டது.

இப்போது மணிக்கூண்டுக்கு அடியில், இரண்டு கயிறுகளுக்கு நடுவே விழித்துக்கொண்டு நின்றார்.

"சாமி, வலது கையைத் தூக்கவே முடியல."

"இன்னொரு கை இருக்குல்ல?" பங்குச் சாமியார் பூசை உடுப்புக்குள் தலையை நுழைத்தபடியே கத்தினார். "ஆளு வரணும்யா. ஆயர் போன்ல என்ன சொன்னாரு? 'உங்க கோயில் நிறையுதா, காலியா கெடக்குதான்னு என் கண்ணால பாக்கணும்'னாரு. புரியுதா?"

புரியாமல் என்ன? சாமியார்களுக்குத் தட்டுப்பாடு, இந்தப் பங்கையும் பக்கத்துப் பங்கையும் ஒன்றாக்கி ஒரு கோயிலை மூடப்போகிறார்கள் என்று எங்கும் பேச்சு அடிபட்டது. இங்கே வாரநாள் பூசைக்கு முன்வரிசை நிறைந்தால் அதிசயம். அதிலும் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். மூடுவதென்றால் இதைத்தான் மூடுவார்கள்.

மூடினால் கோயில்பிள்ளை பக்கத்துப் பங்குக்குப் போய் இரண்டாம் ஆளாய் வேலை பார்க்க வேண்டும். அங்கே முதல் ஆள் அவருடைய மனைவியின் அண்ணன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே "தங்கச்சிக்கு இதைவிட நல்ல இடம் வந்துச்சு" என்று சொன்ன புண்ணியவான். அந்த மனிதர் தூபக்கலசத்தை நீட்டி, "மாப்பிள்ளை, இதுல கொஞ்சம் கரி போட்டுக் கொண்டாங்க" என்று சொல்வது கோயில்பிள்ளையின் காதில் இப்போதே விழுந்தது.

அடித்துவிட வேண்டியதுதான் என்று பெரிய மணியின் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, உடம்பின் மொத்த எடையையும் போட்டுத் தொங்கினார். டாண். மூச்சு வாங்கியது. நின்று நிதானித்து மறுபடி தொங்கினார். டாண். இவ்வளவு கம்பீரமாக அந்த மணி ஒலித்து நாளாயிற்று என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

சாமியார் பாதி உடுப்போடு ஓடி வந்தார்.

"யாருய்யா செத்தது?"

"யாரும் சாகலையே சாமி."

"அப்புறம் என்ன மணி அடிக்கிறீங்க?"

கோயில்பிள்ளைக்கு உச்சந்தலையில் உறைத்தது. பூசைக்கென்றால் இரண்டு மணிகளையும் இரண்டு கையால் மாற்றி மாற்றி, மூச்சு விடாமல் அடிக்க வேண்டும். பெரிய மணியை மட்டும் விட்டு விட்டு அடித்தால் பங்கில் ஒரு ஆண் இறந்துவிட்டார் என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் போய்ச் சேர்ந்த ஆண்களையெல்லாம் அப்படி அடித்து வழியனுப்பி வைத்தவரே அவர்தான்.

"சின்ன மணியையும் அடிச்சுச் சரிக்கட்டுங்க, சீக்கிரம்."

பதற்றத்தில் அவருக்கும் அதுவே சரியென்று பட்டது. பெரிய கயிற்றை விட்டுவிட்டுச் சின்னக் கயிற்றைப் பிடித்தார். இடது கையும் ஓய்ந்து போயிருந்தது. டிண். நீண்ட இடைவெளி. டிண்.

வாசலில் பூக்கடைக்காரம்மாவின் குரல் கேட்டது. "ஐயையோ, பொம்பளையும் போயிட்டாளா?"

சின்ன மணி தனியாக ஒலித்தால் இறந்தது பெண். சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். கோயில்பிள்ளை கயிற்றை ஏதோ சுடுவது போல விட்டார்.

அதற்குள் தெருவில் கதவுகள் திறக்கத் தொடங்கியிருந்தன. பூக்கடைக்காரம்மா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மலர் வளையத்தோடு வந்து நின்றாள். பின்னால் தையல்காரர், அவர் பின்னால் மருந்துக்கடை, அதன் பின்னால் பாதித் தெரு. சிலர் கறுப்பு உடுப்பே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"யாரு? யாரு போனது?"

உண்மையைச் சொன்னால் அத்தனை பேரும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கோயில்பிள்ளை கதவை அகலத் திறந்தார்.

"எல்லாரும் உள்ள போய் உட்காருங்க. பூசை முடிஞ்சதும் சொல்றேன்."

அது அவர் செய்த மூன்றாவது தவறு. உள்ளே போனவர்கள் சும்மா உட்காரவில்லை. யார் வந்திருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று தலை எண்ணினார்கள். காணாதவர்களுக்குப் போன் போட்டார்கள். போன் எடுத்தவர்கள் எல்லாம் செய்தி கேட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். பெஞ்சு நிறைந்து, நடைபாதை நிறைந்து, பாவமன்னிப்புக் கேட்கும் தொட்டிக்குப் பக்கத்திலும் ஆட்கள் ஒண்டினார்கள்.

போன் எடுக்காதது ஒரே வீடுதான்.

"ஆர்கன்காரர் வீடு" என்றார் தையல்காரர் மெல்லிய குரலில். "புருஷன், பெஞ்சாதி ரெண்டு பேருமே எடுக்கல. மணியும் ரெண்டு அடிச்சுதே."

அவ்வளவுதான், கோயில் முழுக்க ஒரு விசும்பல் பரவியது. ஆர்கன்காரர் ஒரு காலத்தில் இந்தக் கோயிலின் கூரை அதிர வாசித்தவர். பாட்டு டீச்சர் புதிதாய் ஒரு கீபோர்டு வாங்கி, அதில் பொத்தானை அமுக்கித் தாளம் போட்டதிலிருந்து, "இனிமே இந்த வாசப்படி மிதிச்சா பாரு" என்று போனவர்தான். வருடக்கணக்காக எட்டிப் பார்க்கவில்லை.

பாட்டு டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நான்தான் அந்த மனுஷனைக் கொன்னுட்டேன்" என்று சத்தமாகவே சொன்னாள்.

இந்த நேரம் பார்த்து ஆயர் உள்ளே வந்தார். வந்தவர் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டார். நிற்க இடமில்லை. அத்தனை கண்களிலும் கண்ணீர். கிழவர்கள் முழங்காலில் கிடந்தார்கள். ஜெபமாலை உருட்டாத கை ஒன்று கூட இல்லை.

"வாரநாள்ல இவ்வளவு உருக்கமா?" என்று ஆயர் சாமியாரின் காதில் கேட்டார்.

"ஏதோ, ஆண்டவர் ஆசீர்வாதம்" என்று சொன்ன சாமியார் பார்வையைத் தரையில் பதித்தார்.

பூசை தொடங்கியது. கோயில்பிள்ளை, பூசை உடுப்பு மாற்றும் சாக்ரிஸ்டி அறையின் கதவிடுக்கில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும் இத்தனை பேருக்கும் என்ன பதில் சொல்வது, பிணத்துக்கு எங்கே போவது? ஆயர் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்த வேளையில் பெரிய கதவு கிறீச்சிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தது ஆர்கன்காரர். முதுகுக்குப் பின்னால் அவருடைய மனைவி.

"போனை வீட்ல வச்சுட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம், ரெண்டு மணி அடிச்சுதே," என்றார் அவர். "யாரு போனது?"

 அடுத்த நொடி மொத்தக் கோயிலும் எழுந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள், எல்லாரும் தட்டினார்கள். பாட்டு டீச்சர் பெஞ்சைத் தாண்டி ஓடி, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா" என்று தேம்பினாள்.

ஆர்கன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னை இவ்வளவு பேர் தேடியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அவர் கண்ணும் கலங்கிவிட்டது. நேராக நடந்து போய், மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய ஆர்கனின் மூடியைத் திறந்து உட்கார்ந்தார். அவர் கை வைத்ததும் கோயிலே சேர்ந்து பாடியது. கோயில்பிள்ளையும் பாடினார். தோள்வலி போன இடம் தெரியவில்லை.

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொலைஞ்ச ஒருத்தர் திரும்பி வந்தா எப்படிக் கொண்டாடணும்னு நான் எத்தனையோ தடவை பிரசங்கம் வச்சிருக்கேன். கண்ணால பாத்தது இன்னைக்குத்தான்." கண்ணாடியை மறுபடி மாட்டினார். "நான் ஒரு முடிவோட வந்தேன். இந்தக் கோயில்ல ஆளே இல்லைன்னு எனக்குச் சொல்லி இருந்தாங்க. இப்ப என் முடிவை மாத்திக்கிட்டேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சாமியார் சாக்ரிஸ்டிப் பக்கம் திரும்பிக் கோயில்பிள்ளையைப் பார்த்து மார்பில் கை வைத்தார்.

பூசை முடிந்து கோயில்பிள்ளை தோள் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னபோது யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. யாரும் சாகவில்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. பூக்கடைக்காரம்மா மட்டும் மலர் வளையத்தை ஆர்கன்காரரிடம் நீட்டினாள்.

"உங்களுக்குன்னுதான் எடுத்துட்டு வந்தேன். திருப்பிக் கொண்டுபோக மனசு வரல."

"இருக்கும்போதே கையில வாங்குற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்?" என்று அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

கோயில்பிள்ளை தலை நிமிர்ந்து, நெஞ்சு நிமிர்ந்து, ஆயரின் கார் வரைக்கும் நடந்தார். கோயிலுக்குள்ளே சாமியாரோடு ஆயர் பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"பாத்தீங்களா தம்பி? கோயிலை மூட வந்த ஆயரையே திருப்பி அனுப்பறோம். பக்கத்துப் பங்குல என் மச்சான்தான் கோயில்பிள்ளை. நாளைக்கு முதல் வேலையா அவர் மூஞ்சிக்கு நேரா போய் நின்னு சொல்லணும்."

டிரைவர் துணியை உதறி மடித்தார்.

"மூடறதா இருந்தது உங்க மச்சான் கோயிலைங்க, அந்த ஜனத்தையும், உங்களுக்குக் கீழ வேலை பாக்க அவரையும் இங்க அனுப்பலாம்னு இடம் பாக்கத்தான் ஆயர் வந்தாரு, நீங்கதான் உட்கார இடமில்லைன்னு காட்டி மச்சானைக் காப்பாத்திட்டீங்க."