ஹேண்டில்பார் அண்ணன் வாங்கிய வண்டி

மதுரையில் கார் விற்கிற அத்தனை பேரையும் ஒரே மனிதர் தலையில் கைவைத்து உட்கார வைத்தார் என்றால், அவர் எங்கள் ஹேண்டில்பார் அண்ணனாகத்தான் இருக்க முடியும். கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், ஏசி கேட்பார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "இதுக்குள்ளாற சைக்கிள் போகுமா?"

தங்கச்சிமடத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் பிளாண்ட் ஒன்று வைத்திருந்தார். நான் அப்போது இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்கு வந்து, அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஹேண்டில்பார் என்ற பெயர் அவர் மீசையால் வந்தது. இரண்டு பக்கமும் வளைந்து, நுனியில் பிடிபோட்டு முறுக்கி, ஒரு மணியை மாட்டினால் டிரிங் என்று அடிக்கும் போலிருக்கும். உடம்பு சைக்கிளுக்கு ஏற்ற உடம்பு இல்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் பக்கத்து அக்காள்மடம் வருவதற்குள் மூச்சு வாங்கி, டீக்கடையில் இறங்கிவிடுவார். ஆனாலும் பார் வைத்த அந்தக் கறுப்புச் சைக்கிளை விட்டு வேறெதிலும் ஏறமாட்டார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள், "தம்பி, கெளம்பு. மதுரைக்கிப் போயி பெரிய வண்டி ஒண்ணு எடுக்கப்போறோம். ஒனக்குத்தான் இங்கிலீஷ் வரும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் பஸ்ஸில் போனோம். சைக்கிள் மட்டும் மீன் லாரியில் வந்தது.

முதல் ஷோரூம் வாசலிலேயே காவலாளி மறித்தார். "சைக்கிள் ஸ்டாண்டு அந்தப் பக்கம் பெரியவரே."

"இது நிக்க வரல. ஏற வந்துருக்கு" என்றார் அண்ணன்.

கண்ணாடித் தரையில் மீன் வாசனையோடு சைக்கிள் உருண்டு உள்ளே போனது. டை கட்டிய பையன் முகம் சுளிக்காமல் சிரித்ததை இன்றுவரை பாராட்டுகிறேன். அவன் பாட்டுப் பெட்டியைக் காட்டினான், மடக்கும் சீட்டைக் காட்டினான். அண்ணன் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"சார், முன்சக்கரத்தைக் கழட்டிட்டா ஈசியா உள்ள போயிரும்."

"ஏலே, ஒன் காலக் கழட்டிட்டா நீயுந்தான் ஈசியாப் போவ. ஏறுவியா?"

பையன் அசரவில்லை. "சார், மேல கேரியர் போட்டுத் தர்றோம். நாலு சைக்கிள்கூடக் கட்டலாம்."

"மேல வேண்டாம். பின்னால தொங்கவும் வேண்டாம். ரெண்டு சைக்கிளு, ரெண்டும் உள்ள. வெளிய ஒரு ஆணிகூடத் தெரியக் கூடாது."

இரண்டாவது ஷோரூமில் சைக்கிள் உள்ளே போனது. ஆனால் வெளியே வர மறுத்துவிட்டது. பெடல் எங்கோ மாட்டிக்கொண்டது. வெண்ணெய் நிறச் சீட்டில் செயின் கிரீஸ் கோலம் போட்டது. விற்பனையாளர்கள் ஆளுக்கொரு சக்கரத்தை இழுக்க, ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளேயிருந்து பெல் அடித்தது. குடும்பத்தோடு கார் பார்க்க வந்திருந்த ஒருவர், "இது என்ன மாடல்?" என்று விசாரித்தார். அதற்கடுத்த கடைகளுக்குச் சேதி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. முதல் கடையில் காபி கொடுத்தார்கள், இரண்டாவதில் தண்ணீர் கொடுத்தார்கள், மூன்றாவதில் கதவையே திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் எனக்குத் தாங்கவில்லை. மாடியில் துணி காயப்போட வந்த மதினியிடம், அதாவது அண்ணனின் மனைவியிடம், கேட்டேவிட்டேன். "சைக்கிள மேல கட்டுனா அண்ணனுக்கு என்ன மதினி?"

மதினி துணியை உதறிக்கொண்டே சொன்னார். "தவள மாதிரி தன் வாயால கெட்ட மனுசன் தம்பி ஒங்க அண்ணே. மக விரும்பிக் கல்யாணம் முடிச்சா பாருங்க, உத்தரகோசமங்கைப் பக்கம், மொளகா வெவசாயம் பாக்குற குடும்பம். நம்ம கிறிஸ்தவ வேதமும் இல்ல, நம்ம கடலும் இல்ல. இவருக்கு ஆத்தரம். கல்யாணத்துக்குப் போகல. ஐஸ் பிளாண்ட் வாசல்ல ஊரே நிக்கிறப்ப, 'அந்த வாசலுக்கு நாங்க போனா இந்தச் சைக்கிள மிதிச்சுத்தான் போவோம்'னு சத்தியம் பண்ணிட்டாரு."

பாம்பன் பாலத்துக் காற்றில் அந்த உடம்போடு சைக்கிள் மிதிப்பது நடக்காத காரியம். போகவே மாட்டேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"இப்ப மகளுக்குப் பொம்பளப்புள்ள பொறந்துருக்கு. இவருக்குப் போகணும்னு உசிரு துடிக்கிது. சத்தியத்தையும் விட முடியல. அதான், ஊருக் கண்ணுக்குத் தெரியாம சைக்கிள வண்டிக்குள்ள ஒளிச்சுக்கொண்டுபோயி, கிட்டத்துல எறக்கி மிதிக்கப் போறாராம்."

"சரி, எதுக்கு மதினி ரெண்டு சைக்கிள்?"

"'நாங்க'ன்னு சொன்னாருல்ல? எனக்கும் சேத்துல்ல சத்தியம் பண்ணிட்டாரு! அன்னைக்கே கோயில் மைதானத்துல போயி சைக்கிள் பழக ஆரம்பிச்சுட்டேன். இந்த மனுசன் மனசு என்னைக்காவது மாறும், அன்னைக்கி நான் தயாரா இருக்கணும்ல?"

ஐம்பது வயதுக்கு மேல் மதினி சைக்கிள் பழகியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது எனக்குத் தெரியும். காரணம் அன்றுதான் தெரிந்தது.

நாட்கள் ஓடின. மகளிடமிருந்து போன் வரும். பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டது. பிள்ளை குப்புற விழுந்துவிட்டது. இவரோ இன்னும் பின்கதவு பார்த்துக்கொண்டிருந்தார். மதினி பொறுமையிழந்து, "நீங்க வண்டி எடுக்குறதுக்குள்ள அது தவந்து தவந்து இங்கன வந்துரும்" என்றார். அடுத்த மாதம் தனியாகப் பஸ் ஏறிவிடுவதாகவும் அறிவித்தார்.

கடைசியில் வழி ராமேஸ்வரத்தில் கிடைத்தது. கடற்கரையில் யாத்திரைக்காரர்களின் பெரிய எஸ்யூவி ஒன்று பின்சீட்டுகள் மடங்கி, பின்கதவு திறந்தபடி நின்றது. குடும்பம் தீர்த்தமாடப் போயிருக்க, டிரைவர் முன்சீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சும்மா இருப்பாரா? மீன் லாரியில் கொண்டுவந்திருந்த சைக்கிளைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டார். சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய் டிரைவர் முதுகில் இடித்தது.

"யாருய்யா அது, வண்டிக்குள்ள சைக்கிள் ஓட்டுறது?"

"ஒரு நிமிசம் தம்பி, அளவு பாத்துட்டு எடுத்துர்றேன்" என்ற அண்ணன், எடுத்த பிறகு அந்த டிரைவரைக் கட்டிப்பிடித்து அழாத குறைதான்.

அதே மாடல் வண்டி வந்தது. பின்சீட்டுகளைக் கழற்றச் சொல்லி, "இத நீங்களே வச்சுக்கங்க, வாரவகளுக்கு ஒக்கார ஆகும்" என்று ஷோரூமுக்கே கொடுத்துவிட்டார். கடை ஆள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போன பிறகுதான் தனக்கு ஓட்டத் தெரியாது என்று என்னிடம் சொன்னார். ஆக, டிரைவர் நான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். இரண்டு சைக்கிளும் உள்ளே. ஜன்னல்களுக்கு மதினியின் பழைய சேலை திரை. மதினி முன்சீட்டில், அண்ணன் பின்னால் சைக்கிள்களுக்கு நடுவில் குத்தவைத்திருந்தார். அக்காள்மடம் டீக்கடைக்காரர் கைகாட்டி நிறுத்தினார்.

"புது வண்டியாண்ணே! அப்ப சைக்கிள என்ன செஞ்சீக?"

"வித்துட்டேன்" என்றார் அண்ணன், திரையை விலக்கி. நான் வண்டியை நகர்த்தினேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. உள்ளே இரண்டு மணியும் சேர்ந்து அடித்தன.

ஊருக்குச் சற்று முன்னால், கண்மாய்க் கரையோரம் கருவேல மர நிழலில் நிறுத்தினோம். சைக்கிள்களை இறக்கினோம். அண்ணன் பாட்டில் தண்ணீரை எடுத்துச் சட்டையில் ஊற்றி நனைத்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே?"

"இம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்தவனுக்கு வேர்க்காதா?"

"மீசையிலயும் தெளிங்க" என்றார் மதினி.

இருவரும் ஏறி மிதித்தார்கள். பத்தடி போவதற்குள் அண்ணன் சைக்கிளில் புஸ் என்று சத்தம். கருவேல முள். மதினி திரும்பிப் பார்த்தார். "முள்ளா? சரி, தள்ளிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டார். அந்த வேகத்தில் மதினி போய் நான் பார்த்ததே இல்லை.

அப்போது எதிர்ப்பக்க மிளகாய்க் கொல்லையிலிருந்து, கேரியரில் மூட்டையோடு ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். இறங்கினார். மீசையைப் பார்த்தார், நனைந்த சட்டையைப் பார்த்தார், பின்கதவு திறந்து கிடந்த வண்டியையும் பார்த்தார்.

"தங்கச்சிமடத்துச் சம்மந்திதான? ஒங்க மக சொல்லிருக்கு, மீசைய வச்சே கண்டுபிடிச்சிறலாம்னு."

அண்ணன் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பா! கல்யாணத்துக்கும் போகாததால் முகமே பார்த்ததில்லை.

"சைக்கிள்லயேவா வந்தீக?"

"ஆமா."

"அதான் சட்டையெல்லாம் நனஞ்சிருக்கு. பாலத்துல காத்து எப்பிடி?"

"பலமான காத்து" என்றார் அண்ணன், மெதுவாக.

"இருக்கும், இருக்கும்." பெரியவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி யாரு?"

"கோயிலுக்கு வந்தேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. இந்த மூட்டையையும் சம்மந்தி சைக்கிளையும் ஒங்க வண்டிக்குள்ள ஏத்திக்கிட்டு வாரீகளா? எடம் இருக்குமா?"

"இருக்கும்போலத்தான் தெரியுது" என்றார் அண்ணன்.

பெரியவர் காலியான கேரியரைத் துண்டால் தட்டினார். "ஏறுங்க."

அண்ணன் தயங்கினார். "இல்ல, நான் என் சைக்கிள்லதான் வாரேன்னு ஒரு வார்த்தை..."

"ஒங்க மக இப்ப எனக்கும் மகதான? அப்ப என் சைக்கிளு ஒங்க சைக்கிளு இல்லையா? ஏறுங்க சம்மந்தி, வெயிலாகுது."

அண்ணன் ஏறினார். பெரியவர் ஒல்லி. சைக்கிள் முனகியது, வளைந்தது, ஆனால் போனது. நான் பின்னாலேயே வண்டியை ஊர விட்டேன்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். பிள்ளை அதற்குள் மதினியின் இடுப்பில். அண்ணன் கேரியரிலிருந்து இறங்கி, அங்கேயே நின்றார். மகள்தான் கிட்ட வந்தாள். நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெசமாவே சைக்கிள்லயாப்பா வந்தீக?"

"பின்ன?" என்றார். மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். சட்டை இன்னும் கொஞ்சம் நனைந்தது. மதினி பிள்ளையை நீட்ட, அது தாத்தா முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, மீசையின் இரண்டு நுனியையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டது. நெடுநேரம் விடவில்லை. வலித்திருக்கும். அவரும் விலக்கவில்லை.

திரும்பி வரும்போது மதினி மகளோடு தங்கிவிட்டார். அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாலம் ஏறும்போது என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஊருல கேட்டா..."

"தெரியும்ணே" என்றேன்.

தங்கச்சிமடத்திலிருந்து உத்தரகோசமங்கை வரைக்கும், அந்த உடம்போடு, அந்தக் காற்றில், மகளைப் பார்க்கச் சைக்கிள் மிதித்துப் போனவர் எங்கள் ஹேண்டில்பார் அண்ணன். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.