பன்னிரண்டாயிரம் கோழிகளும் ஒன்பதாவது வரியும்

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களை அவ்வளவாக நம்பாதீர்கள். பட்டியல் போடுகிறவளாகவே இதைச் சொல்கிறேன். ஊருக்குப் போகும் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல், அந்தப் பட்டியல் எந்தப் பையில் இருக்கிறது என்று இன்னொரு பட்டியல் என வாழ்கிறவள் நான். எங்களைப் போன்றவர்கள் எதையும் மறக்க மாட்டோம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அதில் தேவையான வரியை மட்டும் கோடு போட்டு அடித்துவிடுவோம்.

அம்மாவின் தம்பி தங்கவேல் மாமாவுக்கு மல்லசமுத்திரம் பக்கத்தில் கோழிப்பண்ணை. பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகள். அவற்றுக்குத் தீவனம் கலக்கும் சின்ன மில்லும் பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. அந்த மில்லை ஓட்டுவது, எனக்கு மூத்த ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. ‘மிக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து அடித்து என்டர் தட்டினால் போதும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, முட்டை ஓடு கெட்டியாவதற்கான கல்மாவு எல்லாம் அளவாக இறங்கிக் கலந்து குழாய் வழியே கொட்டும். தினமும் அதைத் தட்டுகிறவர் பாவாயி அக்கா. மில்லின் ஒரே ஆபரேட்டர்.

நான் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு லினக்ஸ் சொல்லித்தருவது என் வேலைகளில் ஒன்று. முதல் நாள், முதல் பாடம்: “கோப்பின் பெயரில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. மாற்றி அடித்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லிவிடும்.” (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

அந்த ஆயுத பூஜைக்கு அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மில்லைக் கழுவி, மாவிலை கட்டி, அரவை இயந்திரத்திலிருந்து மம்பட்டி வரைக்கும் பொட்டு வைப்பது வழக்கம். யார் எதற்குப் பொட்டு வைப்பது என்று நான்தான் பட்டியல் போட்டேன். கம்ப்யூட்டர் என் பொறுப்பு. கீபோர்டின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, இரண்டும் ஒரே அளவாக, கெட்டிச் சந்தனம் குழைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்தேன். மேலே குங்குமம். போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

பூஜையன்று இயந்திரங்களுக்கு ஓய்வு. அதனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தீவனத் தொட்டி ஏறக்குறைய காலி. மதியத்துக்குள் புதுத் தீவனம் விழுந்தாக வேண்டும். பாவாயி அக்காவோ, விஜயதசமி என்று கடைக்குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தார்.

“நம்மூட்டு இஞ்சினீரே இருக்கையில பாவாயி எதுக்குங்கறேன்? நீ தட்டு சாமி,” என்றார் மாமா.

தட்டினேன். அப்படி ஒன்று இல்லை என்றது திரை.

மறுபடியும் தட்டினேன். இல்லை.

“என்ன கண்ணு, ஆகலியா?”

“ஆயிரும் மாமா. ஒரு பேப்பர் குடுங்க.”

பதினேழு வரியில் பரிசோதனைப் பட்டியல் தயாரானது. மின்சாரம் வருகிறதா, ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்து வந்தேன். ஒன்பதாவது வரி: ‘பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?’ திரையைப் பார்த்தேன். நான் அடித்ததெல்லாம் கேப்பிடல் எழுத்தில்தான் விழுந்திருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் எல்லாமே கேப்பிடலில்தான் தெரியும், எப்படி அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். பழையது என்றால் எல்லாம் ஒரே சாதி என்று முடிவு கட்டி, ஒன்பதாவது வரியை ஸ்கேல் வைத்து, நேராக, அழகாக அடித்தேன். பக்கத்தில் ‘தேவையில்லை’ என்றும் எழுதினேன்.

(அது டாஸ் இல்லை. லினக்ஸுக்குத் தாத்தா முறையாகும் யூனிக்ஸ். பேத்தியைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், தாத்தாவை அடையாளம் தெரியவில்லை.)

பிறகு எனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்த்தேன். கோப்புகளைக் காட்டு என்றேன். இல்லை. தேதி என்ன என்றேன். அதுவும் இல்லை. நான்கு முறை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் தொடக்க வரிகள் சின்ன எழுத்தில்தான் ஓடின. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினேழாவது வரிக்கும் டிக் அடித்துவிட்டு, பேனாவை மூடிவைத்து, மெல்லச் சொன்னேன்: “மாமா, மனச தேத்திக்குங்க. டிஸ்க் மொத்தமா அழிஞ்சிருச்சு. உள்ள ஒன்னுமே இல்ல.”

“ஒன்னுமே இல்லீன்னா, கலவை அளவு?”

“அதும்தான்.”

மாமா மக்காச்சோள மூட்டைமேல் உட்கார்ந்தார். அந்தக் கலவை அளவு அவருடைய பரம ரகசியம். யாருக்கும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்ததால் காலப்போக்கில் அவரும் மறந்துவிட்டிருந்தார்.

“ஒரு நேரந் தீனி தப்புனா ஒரு வாரத்துக்கு முட்டை தப்புமுங்க,” என்று சரசு அத்தை கலங்கினார். மாமாவின் மனைவி. தூரத்து ஷெட்டிலிருந்து கோழிகளும் அதையே சொல்லத் தொடங்கியிருந்தன.

உடனே இரண்டாவது பட்டியல் போட்டேன். தலைப்பு: கையால் கலத்தல். பூஜைக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் மில்லுக்குள் இறக்கினேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா தவிடு அள்ளினார். மாப்பிள்ளை முறுக்கோடு வந்திருந்த ஒரு சித்தப்பாவுக்கு மம்பட்டி. தரை சமமாக இருக்கும் ஒரே இடம் கலவைக் குழாய்க்கு நேர் கீழே என்பதால் அங்கேயே குவிக்கச் சொன்னேன். குவியலுக்கு நடுவில் பட்டியலோடு நான்.

“கல்மாவு எட்டு மூட்டைன்னு நெனப்பு,” என்றார் மாமா.

“எட்டு மூட்டை போட்டீங்கன்னா கோழி முட்டை வெக்காதுங்க, செங்கல்லு வெக்கும்,” என்றார் அத்தை.

“அப்ப நீயே சொல்லு!”

“என்னைய எங்கீங்க சொல்ல உட்டீங்க? ரகசியம் ரகசியம்னு இருபது வருசமா பூட்டியில்ல வெச்சிருந்தீங்க!”

பாவாயி அக்காவைப் போனில் பிடிக்கலாம் என்று கூப்பிட்டேன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே மணி அடித்தது. சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போயிருந்தார்.

பதினொன்றரை மணிக்கு மொபெட்டில் வந்து இறங்கினார் அக்கா. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏனுங்ணா, பட்டுச் சீலையோட எல்லாருந் தவுட்டுல நிக்கறீங்க? இதென்னுங்க புது வேண்டுதலு?”

“டிஸ்க் போயிருச்சுக்கா,” என்றேன், துக்கம் சொல்லும் குரலில்.

“எங்கீங்க போச்சு? முந்தாநேத்து இங்கதானுங்க இருந்துச்சு.”

கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். நான் நின்ற இடத்திலிருந்தே ஜன்னல் வழியே அவரை நன்றாகப் பார்க்க முடிந்தது. கீபோர்டைக் குனிந்து பார்த்தார்.

“இத்தச்சோட்டுப் பெரிய பொட்டு ஆருங்க வெச்சது?”

“நாந்தாங்க்கா,” என்றேன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“பூசைக்கு மறுநா பொட்டத் தொடச்சிட்டுத்தான் மிசின்ல கையே வெக்கோணும் அம்மிணி. இதெல்லாம் உங்க காலேசுல சொல்லித் தர்லீங்களா?”

ஈரத்துணியால் இடது ஓரத்துப் பொட்டைத் துடைத்தார். சந்தனத்துக்கு அடியில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது கேப்ஸ் லாக் விசை. அந்தக் காலத்துக் கீபோர்டில் அந்த விசையை அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும், தானாக மேலே வராது. அழுத்தியது என் கட்டைவிரல். பூசி மெழுகியது என் சந்தனம். அக்கா ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். டக் என்று எழும்பியது. விளக்கு அணைந்தது.

அந்த ‘டக்’கில் எனக்கு மூன்று விஷயங்கள் வரிசையாகப் புரிந்தன. ஒன்று, டிஸ்க் அழியவில்லை. இரண்டு, நான் புதியவர்களுக்கு எடுக்கும் முதல் பாடத்தில் நானே பெயில். மூன்று, நான் எதற்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறேன் என்பது.

“அக்கா, என்டர் தட்...”

தட்டிவிட்டார். மூன்றே எழுத்து, எல்லாம் சின்ன எழுத்து. மில் உறுமியது. முந்தாநாள் கலந்து குழாயில் தங்கியிருந்த மிச்சம் மொத்தமும் நேராக என் தலைமேல் இறங்கியது. வாயை மூட நேரமில்லை. (புண்ணாக்கு தூக்கலாக இருந்தது. கோழிகள் புகார் சொல்லாதது ஆச்சரியம்தான்.) தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தபோது மாமா சிரிக்கவில்லை. குழாயிலிருந்து விழுந்ததில் ஒரு கை அள்ளி, முகர்ந்து பார்த்து, “நம்ம அளவேதான்!” என்று குழந்தைபோலக் கத்தினார். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மம்பட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தே சிரித்தார்.

பன்னிரண்டரை மணிக்குக் கோழிகள் சாப்பிட்டன. மறுநாள் முட்டையும் ஒழுங்காக வைத்தன. கோடு போட்ட ஒன்பதாவது வரியோடு என் பட்டியலை மாமா லேமினேட் செய்து கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டிவிட்டார். அந்த வருடத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் எது காணாமல் போனாலும், எது ஓடாவிட்டாலும் ஒரே கேள்விதான்: “தொடச்சுப் பாத்தியா?” சாவியைத் தேடினாலும் அதுதான், அரசுத் தேர்வு முடிவில் நம்பர் இல்லாவிட்டாலும் அதுதான்.

போன மாதம் மாமா வீட்டிலிருந்தே அலுவலக மீட்டிங்கில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அழாத குறையாக, “மேடம், சர்வர்ல ஃபைல் எதுவுமே இல்ல, எல்லாம் அழிஞ்சிருச்சு,” என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, முதல் பாடத்தைத் தொடங்கப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் இருபது பேருக்கும் கேட்கும்படி வந்தது:

“அந்தப் புள்ளையவும் தொடச்சுப் பாக்கச் சொல்லு சாமி!”