குளம் மலையான வரலாறு

உலகத்தில் எத்தனையோ மலைகள் சரிந்து குளத்தில் விழுந்திருக்கலாம். ஆனால் ஒரு குளம் மலையாகப் பதவி உயர்வு பெற்றது எங்கள் வெள்ளிக்கல் தோட்டத்தில் மட்டும்தான். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு கைப்பிடி பங்கு உண்டு. நான் இத்தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர். மக்களின் நலனை அவர்களுக்குத் தெரியாமலே கவனித்துக்கொள்வது என் வேலை.

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறினால், தேயிலைக்கு நடுவே வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய குளம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி, தொழிலாளர் வீட்டு வரிசையான ஐந்தாம் லயத்துக்கும் அதை அடுத்த பிள்ளை மடுவத்துக்கும் தண்ணீர் கொடுத்துவந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளை மடுவம். சென்ற ஆண்டு குளத்தில் ஒரு செடி முளைத்தது. முதலில் கரையோரம் நாலு இலை. அப்புறம் நடுக்குளம். அப்புறம் குழாயின் வாய். குழாயைத் திருகினால் காற்று மட்டும் வந்தது. காற்றும் இயற்கையின் கொடைதான் என்பதால் நாங்கள் அவசரப்படவில்லை.

பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷெரோமி என்ற பெண் அவசரப்பட்டாள். ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, இருபத்திரண்டு புள்ளைங்க இருக்கு. பால்மா கரைக்கத் தண்ணியில்ல. கீழ ஓடையிலருந்துதான் தூக்கிட்டு வாறேன். அதுல மேல் லயத்துக் கக்கூசுத் தண்ணியும் சேந்து வருதுங்க. ரெண்டு புள்ளைங்களுக்கு வயித்தால போகுது."

"எந்த ரெண்டு?" என்று கேட்டேன். எதிலும் விவரம் முக்கியம்.

"நேத்து ரெண்டு. இன்னைக்கு வேற ரெண்டுங்க."

"அப்ப மொத்தத்துல கூடலியே" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

ஆனாலும் தோட்ட நிர்வாகியான எங்கள் தொரை ஜூட்சன் அவர்கள் இளகிய மனம் படைத்தவர். மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டிலேயே கட்டளையிட்டார்: கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒரு பகுதியினர் குளத்தில் இறங்கிச் செடியை எடுக்க வேண்டும். மேற்பார்வை, கொழுந்து வேலையைக் கவனிக்கும் கண்டாக்கு கந்தப்பன். கந்தப்பன் இலையைப் பார்த்துவிட்டால் மனிதரை மறந்துவிடுவார். இந்தத் தொழிலுக்கு அது பெரிய தகுதி.

அழகம்மா முன்னால் இறங்க, மற்றவர்களும் கூடையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். அழகம்மாவின் ஒன்பது மாதக் குழந்தையும் பிள்ளை மடுவத்தில்தான் இருந்தது. எனவே செடியை ஒழிக்க அவளைவிட ஆர்வமுள்ள ஆள் கிடைக்காது. அங்கேதான் வரலாறு திரும்பியது. வயதுக்கு வந்த நாள் முதல் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள். செடியைக் கண்டதும் கை தன்பாட்டுக்குப் போய், நுனியில் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டது. தண்டு தண்டாகவே நின்றது.

"ஏம்மா, செடியையில்ல எடுக்கச் சொன்னாங்க" என்றேன் கரையிலிருந்து.

"தெரியுதுங்கய்யா. கை கேக்க மாட்டேங்குதே" என்றாள் அழகம்மா, கிள்ளிக்கொண்டே.

நான் திருத்தப் போனேன். கந்தப்பன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முத்தல் இல்ல. காம்பு இல்ல. இப்பிடி ஒரு கொழுந்து பாத்து எத்தன வருசமாச்சு. மட்டத்தப் பாருங்க, மட்டம். செடி மேல வச்சு மட்டம் பாக்குற மட்டக்கம்பே வேணாம், தண்ணியே மட்டம் புடிச்சு வச்சிருக்கு."

அன்று மாலை கொழுந்து மடுவத்தில் எல்லாக் கூடைகளையும் முறைப்படி நிறுத்தார்கள். அழகம்மாவின் கூடை இருபது கிலோ காட்டியது. ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் கழிப்பது தோட்டத்து வழக்கம். அந்தச் செடியோ முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அவள் சேலையில் ஊறிய தண்ணீரையும் நேர்மையாகச் சேர்த்துக் கழித்தபோது, அழகம்மாதான் தோட்டத்துக்கு அரைக் கிலோ தரவேண்டியிருந்தது. கொழும்புக்குப் போன அறிக்கையில் மட்டும் கழிக்காத நிறையைப் போட்டோம். தலைமை அலுவலகத்துக்குக் கழித்து அனுப்புவது மரியாதையல்ல.

கொஞ்ச நாளில் செடி இரண்டு மடங்காகியது. நுனி கிள்ளிய இடமெல்லாம் கிளை விட்டது. கைதவறி விழுந்த துண்டெல்லாம் சேற்றில் வேர் பிடித்தது. ஷெரோமி மறுபடியும் வந்தாள்.

"வேரோட புடுங்கிப் போட்டா என்னங்க?"

கந்தப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "தோட்டத்துல செடிய வேரோட புடுங்குனா என்னா தண்டனைன்னு தெரியுமா ஒனக்கு?"

"தேயிலைச் செடியத் தானுங்களே?"

"இன்னைக்கு இந்தச் செடிம்ப, நாளைக்குத் தேயிலைம்ப. கை பழகிரும்."

தொரை அவர்கள் பிரச்சினையை 'விஞ்ஞான ரீதியில்' அணுக விரும்பினார். கொழும்பிலிருந்து பிரேமினி என்ற ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். குளத்தங்கரையில் கூடாரம் போட்டு, திரை கட்டி, படம் காட்டி விளக்கினார்.

"எல்லாரும் நினைக்கிற மாதிரி இது பாசி இல்ல. பொட்டமொஜெட்டன். பூக்கிற தாவரம்" என்று தொடங்கினார். பெண்கள் அன்றிலிருந்து அதைப் பொட்டம்மா என்றே அழைத்தார்கள்.

இந்தச் செடிக்கு இரண்டு விதமான இலை என்றார் பிரேமினி. மேலே மிதக்கிற இலை அகலமானது, தடிப்பானது, மெழுகு பூசியிருப்பதால் தண்ணீர்கூட அதன்மேல் ஒட்டாது. வெயிலும் காற்றும் அதற்குத்தான். கீழே மூழ்கிக் கிடக்கிற இலை மெல்லியது, குறுகியது, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு வெளுத்தது. மேலிலை விட்டுவைத்த வெளிச்சத்தில் அது பிழைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே செடிதான்.

தொரை நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு நல்ல நிர்வாகம்" என்றார். "யாரும் யாரையும் கொறை சொல்றதில்ல, பாருங்க."

பூக்கும் காலத்தில் செடி ஒரு கதிரைத் தண்ணீருக்கு மேலே நீட்டும். மகரந்தத்தைக் காற்றே தூக்கிக்கொண்டு போகும். தேனீக்குக்கூட வேலையில்லை. சம்பளம் கேட்காத தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கூட்டத்தில் பலத்த கைதட்டல். உரம் வேண்டாம், களை எடுக்க வேண்டாம், களையே அதுதான். எனவே, மலை என்று நாங்கள் அழைக்கும் பதின்மூன்று தேயிலைப் பகுதிகளுக்கு அடுத்தபடியாக இக்குளத்தைப் 'பதினான்காம் நம்பர் மலை' ஆக்குவது என்று தீர்மானிக்கப்பட்டது. பலகை எழுதிக் கரையில் நட்டோம். தேங்காய் உடைத்தவன் நான்.

மாசி வெயில் வந்தது. குளம் வற்றத் தொடங்கியது. கந்தப்பன் காலையிலேயே ஓடிவந்தார்.

"தொரை, பதினாலாம் நம்பர் வாடுது. மேலெலையெல்லாம் சுருண்டு போச்சு. பாக்க முடியலைங்க."

அன்றே தண்ணீர் ஏற்றிவர ஒரு பவுசர் வண்டி ஏற்பாடாகியது. கொத்மலைப் பக்கமிருந்து நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு தினமும் மேலே ஏறியது. வழி பிள்ளை மடுவத்தைத் தாண்டித்தான். ஓடையும் வற்றிவிட்டதால், ஷெரோமி அப்போது குழிகளில் தேங்கியதைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அழகம்மாவின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாளிகளோடு நடுரோட்டில் நின்றுவிட்டாள். டிரைவர் ஒரு சிங்களவர். "நங்கி, தங்கச்சி, இது செடிக்குப் போற தண்ணி" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தாராம். பிறகு குழந்தையைப் பார்த்திருக்கிறார். நாலு வாளி நிறைகிறவரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிகரெட் பிடித்திருக்கிறார்.

குழந்தையை அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சேலைன் ஏற்றினார்கள். மறுநாள் காலை ஷெரோமிக்கு எதிராக விசாரணை வைத்தோம். தொரை அவர்கள் தலைமை. நான் எழுதுகிறவன். கேள்வி கேட்டவர் கந்தப்பன்.

"பவுசர்த் தண்ணி நாலு வாளி எடுத்தது உண்மையா?"

"உண்மைங்க."

"அது எந்த மலைக்குப் போற தண்ணி?"

"பதினாலாம் நம்பருக்குங்க."

"புள்ளை மடுவம் எத்தனாம் நம்பர்?"

"அதுக்கு நம்பர் இல்லீங்களே. புள்ளைங்கதான இருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன். நம்பர் இல்லாத எடத்துக்கு நிர்வாகம் எப்பிடித் தண்ணி ஊத்தும்?"

ஷெரோமி கந்தப்பனை விட்டுவிட்டுத் தொரையைப் பார்த்தாள். "புள்ள கண்ணு உள்ளுக்குப் போயிருச்சுங்க. அழுதா கண்ணீர் வரல. எனக்குப் பயமாயிருச்சு, தொரை. அழகம்மா அக்காகிட்ட என்னான்னு சொல்வேன்?"

எனக்குக்கூட நெஞ்சை என்னவோ செய்தது. ஆனால் அதற்கெல்லாம் எங்கள் அலுவலகத்தில் கோப்பு இல்லை. நான் பேனாவைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, இனிமே என்னா செய்யப் போற?" என்று கேட்டார் தொரை.

ஷெரோமி கொஞ்சம் யோசித்தாள். குரல் உயரவில்லை.

"நாளைக்குக் காலையில புள்ளைங்க எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி அந்தக் கொளத்துலயே நட்டுர்றேங்க. செடியோட செடியா அதுகளுக்கும் ஊத்துவீங்கல்ல."

தொழிலாளி ஒருவர் ஆலோசனை சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. தொரை அவர்கள் அங்கிருந்தபடியே பிரேமினிக்கு போன் போட்டு அபிப்பிராயம் கேட்டார். என்னை நேரில் போய் இடம் பார்த்து வரச் சொன்னார். போனேன். பவுசர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கரைவரை இலைமேல் இலை, கைவிரல் வைக்க இடமில்லை. திரும்பி வந்து, விசாரணை அறிக்கையின் அடியில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்:

'கோரிக்கை அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டது. பிள்ளைகளை நடுவதற்குத் தற்போது வெற்றிடம் இல்லை.'