பாரீஸுக்குப் போன சுண்ணாம்பு டின்

பாரீஸ் மாநகரத்தில் பத்து நாள் தங்கி, ஒரு கப் காபி கூடக் காசு கொடுத்துக் குடிக்காமல் ஊர் திரும்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வில்லியனூர்க்காரர். கூடவே போய்ப் பத்து நாளும் காபிக்கு ஏங்கிச் செத்தவன் நான் என்பதால் எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று உண்டு. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கட்டுச்சோறு என்றால் போதும். ஊர்த் தண்ணீர் டேங்க்குக்கு ஆபரேட்டர். ஓட்டலில் அவர் கை நனைத்ததைப் பார்த்தவர் கிடையாது. பாகூருக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் கையில் தூக்குவாளி. பெண் வீட்டார் கேசரித் தட்டை நீட்டியபோது இவர் புளிச்சோற்று மூடியைத் திறந்திருக்கிறார். பெண் பக்கென்று சிரித்துவிட்டாள், அதனால்தான் கல்யாணமே நடந்தது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், "என் தூக்கு எங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அதனால் அவருக்கு நான் 'கிளார்க்கு'. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன்.

ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தூக்குவாளி இல்லை. விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"கிளார்க்கு, பாரீசு போவணும். நீ வா. நீ இங்கிலீஷ் பேசு, நான் சோறு கட்டிக்கிறேன்."

"இன்னாண்ணா, வெளையாடறியா?"

"எங்க அண்ணன எடுக்கப்போறாங்களாம்பா."

அவருடைய அண்ணன் சவரிநாதன் இருபது வயதில் பிரான்சுக்குப் போனவர். அங்கே ஓட்டலில் தட்டு கழுவினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தங்கைகள் கல்யாணமும், கட்டுச்சோறு இன்று குடியிருக்கிற மாடி வூடும் அவர் கழுவிய தட்டில் வந்தவை. அங்கேயே மாரடைப்பில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டார். தம்பியால் போக முடியவில்லை. விசாவும் இல்லை, துட்டும் இல்லை. அந்த ஊரில் கல்லறைக்கும் கெடு உண்டாம். கெடு முடிந்தால் புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் எலும்பை எடுத்துப் பொதுக் குழியில் போட்டுவிட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த வருஷக் கடைசியோடு கெடு முடிகிறது என்று அண்ணனின் சிநேகிதர் பெலிக்ஸ் போன் செய்திருந்தார்.

"செத்தவனுக்கும் வாடகையா கிளார்க்கு? அவ்ளோ துட்டு எங்கிட்ட ஏது? சீட்டு எடுத்தா டிக்கெட்டுக்குத்தான் வரும். வருசா வருசம் அப்பா அம்மா கல்லறைக்கு சுண்ணாம்பு அடிக்கிறேன். அண்ணனுக்கு, அவங்க பக்கத்துல வெறுந்தரையில மெழுவத்தி ஏத்தறேன். எடுக்கறதுக்குள்ள ஒரே ஒரு தடவ அவரு கல்லறைக்கும் அடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் கண்ணைப் பார்த்த பிறகு, வரமாட்டேன் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. என் மனைவி உள்ளேயிருந்து, "போய்ட்டு வாங்க, சும்மாதான வூட்ல குந்தியிருக்கீங்க" என்றாள்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். விசா வாங்கி, அதற்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பினோம். அவர் பெட்டியில் இருந்தவை: புளிக்காய்ச்சல், ஊறுகாய், அவல், கருவாட்டுத் தொக்கு, சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ், பிறகு பிஸ்கட் டின் நிறைய சுண்ணாம்புத் தூள். சட்டை இரண்டுதான்.

சென்னை ஏர்போர்ட்டில் பெட்டியைப் பிரித்த அதிகாரி டின்னைத் திறந்தார். வெள்ளைத் தூள். அவர் முகமும் வெள்ளையாகிவிட்டது.

"என்ன இது?"

"செத்தவங்களுக்கு சார்," என்றார் கட்டுச்சோறு.

நான்கு பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். என் இங்கிலீஷ் தமிழாகி, தமிழும் குழறிப்போனது. கட்டுச்சோறு நிதானமாக மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். தடவி, பாக்கு வைத்து மென்றார். நாக்கை நீட்டிக் காட்டினார். செக்கச் செவேலென்று இருந்தது. அதிகாரி டின்னை மூடிக் கொடுத்துவிட்டார். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு அது, நாக்கு வெந்துபோய்ப் பாரீஸ் போகும்வரை மனுஷன் பேசவில்லை. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டையும் தொடவில்லை, இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

பெலிக்ஸ் வீடு ஒரே அறை. தரையில் எங்களுக்குப் பாய். கட்டுச்சோறு காலையில் சோறு வடித்து மூன்று டப்பாவில் அடைப்பார். ஒன்று வேலைக்குப் போகிற பெலிக்ஸுக்கு. மீதி இரண்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நடந்தோம். எங்கும் நடைதான். ஒரு காபிக் கடையில் விலைப்பட்டியலை வாங்கிப் பார்த்தார். பெட்டிசன் படிக்கிற மாதிரி முழுசாகப் படித்தார். மடித்து அந்தப் பெண்ணிடமே கொடுத்து, "மெர்சி" என்று எழுந்து நடந்தார். நன்றி என்கிற அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு.

பெரிய கோபுரத்துக்குக் கீழே நின்று, டிக்கெட் விலையைச் சொன்னேன்.

"நம்மூரு டேங்க்கு மேல நான் ஏறுனா எனக்கு சம்பளம் குடுக்கறாங்க. இங்க ஏறி எறங்க நான் குடுக்கணுமா? நல்லா இருக்குய்யா நியாயம்!"

கோபுரத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். குளிரில் சோறு விறைத்திருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் அவர் ஒரு முறைகூடக் குறைபட்டுக்கொள்ளவில்லை. தினமும் எண்ணியது ஒன்றே ஒன்றுதான்: திருநாளுக்கு இன்னும் எத்தனை நாள்.

இரண்டாம் தேதி காலை. பெலிக்ஸுக்கு வேலை. எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல்லறை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார். கல்லறை வாசலில் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. "நம்ம ஊரு பூவுப்பா!" என்று அன்றுதான் அவர் சிரித்தார். ஒரு தொட்டி வாங்கினார். பத்து நாளில் அவர் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

காகிதத்தைப் படித்து வழி காட்டியவன் நான். வரிசையை எண்ணி, பாசி பிடித்த ஒரு கல்லறையின் முன் நிறுத்தினேன். எழுத்தே தெரியாதபடி பாசி. அவர் மண்டியிட்டு நார் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். நான் குழாயடியில் இருந்த பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துவந்து தந்தேன். சுண்ணாம்பு கரைத்தார். பாதி அடித்திருப்பார், தலைமாட்டுக் கல்லைத் தேய்த்தவர் கையை நிறுத்தி என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மீதியையும் அடித்தார். ஒரு காவலாளி வந்து என்னவோ கேட்டார். "மெர்சி." இன்னும் கோபமாகக் கேட்டார். "மெர்சி." காவலாளி தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

கட்டுச்சோறு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சின்ன ஜெபம் சொல்லி முடித்தார். இவ்வளவு தூரம் வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே மனுஷன் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் திருப்பி வைக்கப் போனவன், இரண்டு வரிசை தள்ளி அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மரச் சிலுவை. துருப்பிடித்த தகட்டில் சவரிநாதன் என்ற பேர். வரிசையை நான் தப்பான பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன். அட பாவி, இந்த ஒரு வேலைக்குத்தானே என்னைக் கூட்டிவந்தார் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பாத்திரத்தை அங்கேயே போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன்.

"அண்ணா... தப்பு பண்ணிட்டேன். இது உங்க அண்ணன் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா!"

"தேய்க்கறப்பவே பேரு வந்துடுச்சி. மதலேன்னு போட்டிருக்கு. எங்க அண்ணன் இன்னா பொம்பளையா?"

"அப்பறம் ஏண்ணா சொல்லல?"

"பாதி வெள்ளையடிச்சிட்டேன். பாதியில வுட்டுட்டு எழுந்தா அந்தம்மா இன்னா நெனைக்கும்? அதுக்கும் ஆளு யாரும் வர்றதில்ல போலக்குது. நம்ம அண்ணனும் இத்தினி வருசமா இப்டித்தான கெடந்திருப்பாரு?" என்றவர், என் முகத்தைப் பார்த்தார். "சொன்னா நீ வேற மூஞ்சி வாடிப்புடுவ. மொதல்ல இத முடிச்சிட்டுத் தேடலாம்னு இருந்தேன். டின்ல பாதி வச்சிருக்கேன், பாரு."

அண்ணனுக்குக் கல் கிடையாது. சுற்றிலும் சிமெண்ட் விளிம்பு, நடுவே மண். அந்த விளிம்புக்கு மூன்று பூச்சு அடித்தார். சிலுவைக்கும் அடித்தார். சாமந்தியை வைத்தார். கருவாட்டுத் தொக்கைச் சோற்றில் பிசைந்து ஒரு காகிதத் தட்டில் வைத்தார். பிறகு மண்ணில் கை ஊன்றி உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா... லேட்டாயிடுச்சிண்ணா," என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அறுபத்திரண்டு வயது மனுஷன், சின்னப் பிள்ளையாட்டம் ஏங்கி ஏங்கி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கும் தாங்கவில்லை.

அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள் என்று பொங்கலுக்குப் பெலிக்ஸ் போன் செய்தார். "பரவால்ல, நான் பாத்துட்டேன்," என்றார் கட்டுச்சோறு.

போன திருநாளுக்கு வில்லியனூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். அப்பா, அம்மா கல்லறைக்கு அடித்து முடித்தார். பக்கத்து வெறுந்தரையில் இரண்டு மெழுகுவர்த்தி. ஒன்று அண்ணனுக்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "மதலேன் அம்மாவுக்கு."

எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டேன், எனக்கு முன்னப்பின்ன ஏதாவது ஆனால் எரிக்க வேண்டாம், எங்காவது ஓரமாகப் புதைத்துவிடுங்கள் என்று. வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்க எனக்கு ஆள் இருக்கிறது.